காற்று அடிக்காத எழுத்து

அத்தியாயம் 9

போன வாரம் அக்சிலியாவை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடிப்படியில் பாதி ஏறிய நிலையில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாகக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். முதலில் அவளை மேலே ஏற்றிவிட்டு மற்றதைப் பேசுவோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. அக்சிலியாவுக்கு முப்பத்து நாலு வயது. சேலத்தில் பெரிய வக்கீல் ஒருவரிடம் எட்டு வருடம் ஜூனியராக இருந்தவள், தை மாதம் அதை உதறிவிட்டு, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் இலவச சட்ட உதவி அலுவலகத்தில் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவளுடைய அப்பா சவரியார் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சவரியார் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருடம் ஊர் ஊராக மாற்றலாகி, எழுதி எழுதி ஆட்களை உள்ளே அனுப்பியவர். அவர்களை வெளியே எடுக்கப் பெற்ற மகளே கிளம்பியதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அம்மா ரோசி நடுவில் மாட்டிக்கொண்டு, "அப்பா கேக்கறாரு, உனக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு" என்று ஒரே சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் தூது போய்க்கொண்டிருக்கிறார்.

தூது வேலை போதாதென்று ரோசிக்குத் தம்பி வீட்டுக் கல்யாணம் வேறு. தம்பி மார்ட்டின், சவரியார் கடைசியாக வேலை பார்த்த காவிரிக்கரை ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் பிரின்சிக்கு ஈஸ்டர் கழிந்த இரண்டாம் வாரம் கல்யாணம். இன்று காலையில்கூட அக்சிலியா கிளம்பும்போது, "வாரப்ப டெய்லர் கடையில பிரின்சி ஜாக்கெட்ட வாங்கியாந்துரு சாமி" என்றுதான் ரோசி வழியனுப்பினார்.

சரி, ஏறிவிட்டாள்.

மாடி ஹாலில் முப்பது வக்கீல்கள். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு என்று பல ஊர். வசதியில்லாதவர்களின் கிரிமினல் வழக்குகளை எப்படி நடத்துவது என்று மூன்று நாள் பயிற்சி. இன்று இரண்டாம் நாள். நடத்துகிறவர் ரஞ்சிதா, நாமக்கல் வக்கீல், அக்சிலியாவை விட இரண்டு வயது சின்னவர். கட்டைக் குரல். சிரித்தால் ஹாலே சிரிக்கும்.

முதல் நாள் முழுக்க அவர் சொல்லிக்கொடுத்தது கேட்பதைப் பற்றித்தான். "ஜெயிலுக்குப் போனதும் 'நீ செஞ்சியா?'ன்னு ஆரம்பிக்காதீங்க. 'சாப்டீங்களா, ஊட்டுல யார் யார் இருக்காங்க'ன்னு கேளுங்க. கட்டுக் கட்டா பேப்பர் இருக்கும். அந்தாளுக்கு ஊட்டுல யாரு இருக்காங்கன்னு அதுல ஒரு பேப்பர்லயும் இருக்காது."

எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். அக்சிலியாவும் எழுதி அடிக்கோடு போட்டாள்.

இன்று, இரண்டாம் நாள், தவக்காலத்து வெள்ளிக்கிழமை. காலையில் வெறும் கடுங்காப்பியோடு வந்திருந்தாள். பங்குனி வெயில் ஜன்னல் திரைகளில் மஞ்சளாக இறங்க, ஹால் முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பது போலிருந்தது. சும்மாவே அவள் பகல்கனவுக்காரி. "அக்சிலியா, எந்த ஊருக்குப் போயிட்டே?" என்று பழைய சீனியர் நடுக்கோர்ட்டில் கேட்டு மானத்தை வாங்கியிருக்கிறார். அதே பழக்கம் இன்று அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

ரஞ்சிதா ஆளுக்கொரு கட்டு கொடுத்தார். நாற்பது பக்க ஜெராக்ஸ். பெயர்கள் எல்லாம் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன.

"இது என்னோட கேஸ். கட்சிக்காரர் சம்மதத்தோடதான் கொண்டாந்திருக்கேன். திருச்செங்கோட்டுல ரிக் லாரி ஷெட்ட ஒடைச்சு, போர் போடறப்ப பாறையத் தொளைக்கற இரும்பு பிட்டு நாலு திருடிட்டாருன்னு கேஸ். மூணு வருசம் போட்டுட்டாங்க. பதினாலு மாசமா உள்ள இருக்கறாரு. இப்பத்தான் அப்பீல் போட்டிருக்கறோம். வர்ற புதன்கிழமை வருது. படிக்காதீங்க, மூடி வைங்க. கண்ணையும் மூடுங்க. மொதல்ல அங்க போயிட்டு வந்துரலாம்."

சிலர் சிரித்தார்கள். அக்சிலியா உடனே கண்ணை மூடினாள். அதற்கு அவளுக்குப் பயிற்சி வேண்டியதில்லை.

ரஞ்சிதா மகஜரைப் படித்தார். களவுப் பொருளை எடுத்த இடத்திலேயே, சாட்சிகள் முன்னால் உட்கார்ந்து எழுதவேண்டிய காகிதம் அது. ஆடி மாதம். காலை ஐந்தரை மணி. ஜேடர்பாளையம், அணைக்குக் கீழே, காவிரிக்கரை. புங்க மரத்தடியில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், மணலைத் தோண்டிக் கோணிப்பையை எடுத்துக் கொடுத்தான். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அங்கேயே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கப்பட்டது.

"நீங்க இப்ப அங்க நிக்கறீங்க. என்ன தெரியுது, என்ன கேக்குது?"

அக்சிலியா போய்விட்டாள். காலுக்கடியில் மணல் ஈரமாக இருந்தது. அணைக் கதவு வழியாக விழுகிற தண்ணீரின் இரைச்சல். இன்னும் முழுதாக விடியாத சாம்பல் வெளிச்சம். ஆற்றின் மேலிருந்து காற்று வந்தது, அப்படி ஒரு காற்று. புங்க மரம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மரத்தடியில் ஒரு போலீஸ்காரர் குந்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் முழங்கையால் அழுத்திப் பிடித்தார், தாள் நழுவியது, மறுபடி பிடித்தார்.

அந்தத் தாளை எட்டிப் பார்க்க அவள் கண்ணைத் திறந்தாள். கையிலிருந்த கட்டைப் பிரித்தாள்.

ஒவ்வொரு வரியும் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. ஒரு எழுத்து மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை.

"இந்த எழுத்துல காத்தே அடிக்கலையே" என்றாள். மனசுக்குள் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். வாய்விட்டு வந்துவிட்டது.

ரஞ்சிதா திரும்பினார். "என்ன சொன்னீங்க? எந்திரிச்சு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அக்சிலியா எழுந்தாள். "ஆடி மாசம், ஆத்தங்கரைங்க. பேப்பர் நிக்காது. இது ஏதோ மேசை மேல உக்காந்து எழுதின எழுத்து."

ஹால் கைதட்டியது. "ஏழு மாசமா இந்தப் பேப்பரப் பாக்கறேன், எனக்கு ஓடலீங்க" என்று ரஞ்சிதா நெற்றியில் தட்டிக்கொண்டார். அக்சிலியா சிரித்துக்கொண்டே உட்கார்ந்து மறுபடி தாளைப் பார்த்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

அந்த 'ழ'. கீழே இறங்கிச் சுழித்து, தூண்டில் முள் போல மேலே ஏறி நிற்கிற 'ழ'. அவளுடைய முதல் நன்மை விழாப் பத்திரிகை உறைகளில் எல்லா விலாசங்களிலும் அந்த 'ழ' இருந்தது. பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் இருந்தது. நேற்றுக்கூட வீட்டுப் பால் கார்டில் இருந்தது. பெயரை எவ்வளவு கறுப்பாக அழித்தால்தான் என்ன?

அப்பாவின் எழுத்து.

இப்போதுதான் முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று, இந்த எழுத்து பொய் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

"ஆனா இது ஊகந்தான்" என்று ரஞ்சிதா சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதினவர் நல்ல எழுத்துக்காரருன்னு சொன்னா முடிஞ்சுது. அவரத்தான் கேட்டிருக்கோணும். அவரு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னாரு. இந்த ஆளுக்கு அன்னைக்கு வந்த வக்கீல் அவர என்ன கேட்டாருன்னு பாருங்க, முப்பத்தொண்ணாம் பக்கம்."

முப்பது பேரும் புரட்டினார்கள். 'குறுக்கு விசாரணை இல்லை' என்று ஒரே வரி இருந்தது.

"அதுக்குத்தாங்க இந்தப் பயிற்சி" என்றார் ரஞ்சிதா. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

மத்தியானம் அந்த சாட்சியை வைத்தே ஒரு பாவனை விசாரணை நடத்துவதாக ஏற்பாடு. சாட்சியாக நடிக்க வருவதாக ஒப்புக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர், சம்பந்தி வீட்டில் துக்கம் என்று போன் செய்துவிட்டார். ரஞ்சிதா கையைப் பிசைந்தார்.

"அதுக்கென்னங்க, நம்ம அக்சிலியா அப்பாவே ரைட்டரா இருந்தவர்தான்" என்றார் பக்கத்து நாற்காலி மோகன்குமார். சேலத்து வக்கீல். வாய் சும்மா இருக்காத நல்ல மனிதர். "ஊடு சூரமங்கலந்தான். இருபது நிமிசத்துல வந்துருவாரு."

"வருவாருங்களா?" என்று ரஞ்சிதா ஆசையாகக் கேட்டார்.

வரமாட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னோடு பேசுவதே இல்லை என்று உண்மையைக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளே பதினாலு மாதமாக ஒரு மனிதன் இருக்கிறான். அப்பா அன்றைக்கு உண்மையிலேயே ஆற்றங்கரைக்குப் போயிருந்தால்? காற்றே இல்லாத காலையாக இருந்திருந்தால்? அதை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு அவளுக்கு. அம்மாவுக்குப் போன் செய்தாள்.

எந்தக் கட்டு என்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பாவத்தை அவள் கணக்கில்தான் எழுதவேண்டும்.

சவரியார் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஒருபொழுது இருந்ததில் முகம் கொஞ்சம் வாடியிருந்தாலும் கண்ணில் ஒரு மினுக்கம். ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. மகளைப் பார்த்ததும் லேசாகத் தலையாட்டினார். இரண்டு மாதத்தில் அதுவே பெரிது.

மேடை மேல் ஒரு நாற்காலி. அதுதான் கூண்டு. மோகன்குமார் அரசு வக்கீல்.

"கோர்ட்டுல சத்தியம் வாங்கறது எப்படீன்னு உங்களுக்கே தெரியும்ங்க அய்யா" என்றார் ரஞ்சிதா. "ஒரே மூச்சுல ஒப்பிச்சுருவாங்க. சாட்சி காதுலயே உழுகாது. இங்க கத்துக்கத்தான வந்திருக்கறோம், நிதானமாச் சொல்லுவோம். நான் சொல்லச் சொல்ல நீங்க சொல்லுங்க. கடவுள்."

"கடவுள்."

"சாட்சியாக."

"சாட்சியாக."

"நான்."

"நான்."

"சொல்வதெல்லாம்."

சவரியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்து மூன்று வருடத்தில் இந்த வாசகத்தை நூறு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறார். இவ்வளவு மெதுவாக ஒரு தடவையும் சொன்னதில்லை. 'உண்மை' என்ற இடத்தில் அவர் குரல் கம்மிப்போனதை அக்சிலியா கவனித்தாள்.

அதன் பிறகுதான் மோகன்குமார் தாளை அவர் கையில் கொடுத்தார். "இதை எழுதினது நீங்கதான்னு வச்சுக்குங்க."

சவரியார் கண்ணாடியை மாட்டினார். தாளைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக மகளைப் பார்த்தார்.

"வச்சுக்கறேங்க" என்றார்.

"களவுப் பொருளை எதிரி ஆத்தங்கரையில எடுத்துக் கொடுத்தான்?"

"அப்படீன்னு போட்டிருக்குதுங்க."

"மகஜர் அங்கயே எழுதினது?"

"அப்படீன்னுதான் போட்டிருக்குது."

அனுபவசாலி என்று ரஞ்சிதா ரசித்துத் தலையசைத்தார். "குறுக்கு விசாரணை யாரு? காத்தக் கண்டுபிடிச்சவங்களே வாங்க. ஞாபகம் இருக்கட்டும், ஒரு கேள்விக்கு ஒரு விசயம். வேண்டியது கெடைச்சதும் உக்காந்துரோணும்."

அக்சிலியா எழுந்து போனாள். கால் தரையில் படுவதே தெரியவில்லை. ஜன்னல் திரை மெல்ல ஊதி அடங்கியது. எதிரே அப்பா இருந்தார், ஆனால் ரொம்ப தூரத்தில் இருந்தார். இப்போது விழித்துக்கொண்டால் தேவலை என்று நினைத்தாள்.

"அய்யா, அன்னைக்கு என்ன மாசம்ங்க?"

"ஆடி."

"ஆத்தங்கரையில காத்து இருந்திருக்கும்ங்களா?"

"ஆடியில காத்து இல்லாம இருக்குமா?"

"பேப்பரை எது மேல வச்சு எழுதினீங்க?"

அவர் தாளைத் தடவினார். "மேசை மேலங்க."

"ஆத்தங்கரையில மேசை இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

ஹாலில் குபீர்ச் சிரிப்பு. மோகன்குமார் தோற்றுப்போன பாவனையில் தலையில் கை வைத்தார். உட்காருங்கள் என்று ரஞ்சிதா சைகை காட்டினார். வேண்டியது கிடைத்தாயிற்று.

அக்சிலியா உட்காரவில்லை.

"வெள்ளைத்தாளுக்கு அடியில ஏதாச்சும் வச்சு எழுதினீங்களா அய்யா?"

எந்த வக்கீலும் கேட்க முடியாத கேள்வி அது. அவர் வீட்டில் வளர்ந்தவள் மட்டுமே கேட்க முடியும்.

"கோடு போட்ட தாளுங்க. பட்டையா மையில கோடு போட்டிருக்கும், மேல் தாள்ல தெரியும். எம் மகளுக்கு ரெண்டாங்கிளாஸ்ல போட்டுக் குடுத்தது. அவ எழுதிப் பழகுனதும் நான் எடுத்து வச்சுக்கிட்டேன். அது இல்லாம எனக்கு எழுத வராது. வெளிய போயி எழுதுனா எழுத்து கோணிக்கும்னு எல்லா மகஜரும் ஸ்டேஷன்ல உக்காந்துதான் எழுதுவேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மனிதர் நன்றாக நடிக்கிறார் என்று இரண்டொருவர் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியசாமி அன்னைக்கு ஆத்துப் பக்கமே வரலீங்க" என்றார் சவரியார்.

ரஞ்சிதாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. நாற்பது பக்கத்திலும் அவர் தன் கையாலேயே அழித்த பெயர் அது.

"மூணு நாளா ஸ்டேஷன்லயே இருந்தாரு. பிட்டு நாலையும் ஷெட்டு மொதலாளியோட ஆளே கோணியில கொண்டாந்து வச்சுட்டுப் போனான். இவருதான் எடுத்தாருன்னு எனக்கு மேல இருந்த அதிகாரிங்க சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். நம்பித்தான் எழுதுனேன். எழுதி முடிச்சுப் பெருவிரலப் புடிச்சு மையில ஒத்துனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. குனிஞ்சு பாத்துட்டு, 'எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க சாமி'ன்னாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு அன்னைக்கு சந்தோசமா இருந்துச்சுங்க."

நிஜக் கோர்ட்டில் நிஜ நீதிபதி முன்னால் மூன்று நிமிடத்தில் பொய் சொல்லிவிட்டு வந்த மனிதர், ஃபேர்லேண்ட்ஸ் மாடியில் ஒரு நாடகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்சிலியாவுக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்றும் செய்யாமல் நின்றாள்.

பயிற்சியை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு ரஞ்சிதா அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்ங்களா?"

"எழுத்தப் பாத்ததும் தெரிஞ்சிருச்சுங்க. அவர்கிட்டச் சொல்லாமயே வரவச்சுட்டேன்."

ரஞ்சிதா பெருமூச்சு விட்டார். "இங்க பேசுனது கோர்ட்டுக்கு ஆகாது. அய்யாவே எழுதிக் குடுத்தா, கூடுதல் சாட்சியா எடுத்துக்கங்கன்னு புதன்கிழமை நான் மனுப் போடலாம். எழுதுனா அவரு மேலயே கேஸ் வரும். பென்ஷனுக்கும் சிக்கல். ஏனுங்க, நான் பெரியசாமி வக்கீல். உங்கப்பாவுக்கு நல்லது கெட்டது சொல்ற ஆள் நான் இல்லீங்க. அவரு வேற வக்கீலப் பாத்துக் கேட்டுட்டு முடிவு பண்ணட்டும். எழுதுங்கன்னு நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

"நானும் சொல்லமாட்டேங்க" என்றாள் அக்சிலியா. ஆனால் அவர் எழுதவேண்டும் என்று அவள் உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலும் விரும்பியது.

சாயங்காலம் சவரியாரின் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள். ஐந்து ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது மட்டும், "என்னைய ஏமாத்திப்புட்ட இல்ல?" என்றார், திரும்பாமலே.

"ஆமாங்கப்பா."

"ம்" என்றார். பச்சை விழுந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "ஜாக்கெட் எங்கே?" என்று கேட்கத்தான் ரோசி வாயெடுத்தார். இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன நடந்துச்சு?" என்றார். சவரியாரே சொன்னார். நின்றபடியே, ஸ்டேஷனில் ரிப்போர்ட் சொல்வது போல, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"ஐயோ மாதாவே" என்று ரோசி நாற்காலியில் உட்கார்ந்தார். "எழுதிக் குடுத்தா உங்களையும் புடிச்சு உள்ள வச்சுருவாங்களா?"

"வக்கலாம்."

"அவளக் கேளுங்களேன், அவதான் வக்கீலு."

"அவகிட்டக் கேக்கக்கூடாது" என்றார் சவரியார். "வேற வக்கீலப் பாருங்கன்னு அந்தப் புள்ள படியில எறங்கறப்ப எங்கிட்டயும் சொல்லுச்சு. திங்கக்கிழமை பாப்பேன். ஆனா அதுக்குள்ள எழுதி வக்கோணும். திங்கக்கிழமை வரைக்கும் இந்தத் தெம்பு எனக்கு நிக்காது."

வாசலில் இன்னும் வெயில் மிச்சமிருந்தது. கோயிலில் சிலுவைப்பாதைக்கு மணியடித்தார்கள். முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டிலிருந்து யாரும் கிளம்பவில்லை.

சவரியார் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாளை வைத்தார். பழக்க தோஷத்தில் ரோசி எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு, அலமாரியிலிருந்து கோடு போட்ட தாளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். ஓரமெல்லாம் பழுத்து, நடுவில் மடிந்து நைந்த தாள். மேல் மூலையில் பென்சிலால் 'அக்சிலியா, 2ஆ' என்று இருந்தது.

சவரியார் அதை மெதுவாக நகர்த்தி வைத்தார். "ஃபேனைப் போடு."

"தாள் பறக்குமேங்க."

"பறக்கட்டும். போடு."

ஃபேன் சுற்றியது. தாளின் ஓரம் எழும்பிப் படபடத்தது. இடது முழங்கையால் அழுத்திக்கொண்டு அவர் எழுதத் தொடங்கினார். அக்சிலியா எதிரே நின்று தலைகீழாகப் படித்தாள். முதல் வரி பாதியிலேயே மேலே ஏறியது. இரண்டாவது வரி அதை இடிக்க வந்து கீழே சரிந்தது. 'பெரியசாமி' என்று எழுதும்போது 'ரி' ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. இவ்வளவு அசிங்கமான எழுத்தை அப்பா எழுதி அவள் பார்த்ததேயில்லை. காலையில் கண்ணை மூடியபோது வந்த அந்த ஆறு, புங்க மரம், முகம் தெரியாத போலீஸ்காரர் எல்லாம் இந்தச் சின்ன அறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. இப்போது முகம் தெரிந்தது.

ஒரு பக்கம் முடிந்தது. தாளைத் திருப்பினார். "மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளும் அங்கே வரவில்லை. முதல் சாட்சி" என்று எழுதி ஒரு பெயரைப் போட்டார். இறந்துபோன யாரோ டீக்கடைக்காரர்.

"இரண்டாவது சாட்சி" என்று எழுதினார். பேனா நின்றது.

அக்சிலியாவுக்குப் புரியவில்லை. அந்த ஜெராக்ஸில் இரண்டு பெயர்களும் கறுப்பாகத்தான் இருந்தன. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல யாரு கடை இருக்குதுன்னு உனக்குத் தெரியும் ரோசி" என்றார். "அவசரத்துக்குக் கூப்புட்டா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவான். என்ன ஏதுன்னு கேக்கமாட்டான். மாமா சொன்னாருன்னு போடுவான்."

ரோசியின் கை தானாகக் கழுத்து ஜெபமாலைக்குப் போனது. மார்ட்டின். ஈஸ்டர் கழிந்து இரண்டாம் வாரம் பிரின்சி கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கோவையில் மானஸ்தர்கள். கோர்ட்டு, பொய்ச்சாட்சி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும்.

"உன் தம்பி பேர எழுதட்டுமா, வேண்டாமா?" என்றார் சவரியார். "நீ வேண்டாம்னா இதோட நிறுத்திருவேன். பாதிய மட்டும் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. கிழிச்சுப் போட்டுருவேன்."

அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று அக்சிலியா அவர் முகத்தையே பார்த்தாள். ரோசி அந்தக் கோணல் வரிகளைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தாள், அழவில்லை.

கடைசியில் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெரியசாமிக்கு" என்றார், "அக்கா யாராச்சும் இருக்காங்களா சாமி?"

அக்சிலியா வாயைத் திறந்தாள். காலையிலிருந்து நாற்பது பக்கத்தை இரண்டு தடவை படித்திருக்கிறாள். அதில் அது இல்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.